எறும்புக் கூட்டில் பங்காளி
வாசகர் கேள்வி – பதில்

குயில், காகம் பற்றிப் போன இதழில் வந்த பதிலைப் படித்துவிட்டு, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து எறும்புக் கடிதங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. ஒன்றை ஒன்று தொட்டுப் பேசுவதால் இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதுபோல, எறும்புப் புற்றில் வேறு எறும்பு புகுந்து பிழைப்பது உண்டா? பக்கத்துப் புற்று எறும்பு வந்தாலே கடித்துக் குதறுகிறவை, அதை மட்டும் எப்படி உள்ளே விடுகின்றன?
– வாசகி, கீழக்கரை

உண்டு அம்மா. இதுவரை பெயரிடப்பட்ட எறும்பு இனங்கள் 14,000-க்கு மேல். அவற்றில் 400-க்கு மேற்பட்டவை ஏதோ ஒரு வகையில் இன்னொரு எறும்பினத்தின் உழைப்பில் வாழ்கின்றன. பேன் போல ஓர் உடம்பில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி இல்லை இது. ஒரு குடும்பம் முழுவதும் பாடுபட்டுச் சேர்ப்பதைத் தின்கிறது. அதனால் இதற்குச் ‘சமூக ஒட்டுண்ணி’ என்று பெயர்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. காகம் கண்ணை நம்பும். புற்றுக்குள் ஒரே இருட்டு, அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. ஒவ்வோர் எறும்பின் தோல் மேலும் மெழுகு மாதிரி மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. பலவகை ஹைட்ரோகார்பன்கள் கலந்த பூச்சு அது. கலவையின் விகிதம் புற்றுக்குப் புற்று மாறும். இரண்டு எறும்புகள் எதிர்ப்பட்டால் மீசையால் ஒன்றையொன்று தடவும். வாசனை ஒத்துவந்தால் வழிவிடும், ஒத்துவராவிட்டால் கடிக்கும். வீட்டு அடையாளம் அந்த வாசனை ஒன்றுதான்.

இந்தக் காவலில் ஓர் ஓட்டை இருக்கிறது. கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த எறும்பின் மேல் வாசனை மிகக் குறைவு. எந்தப் புற்றில் கண் விழிக்கிறதோ அந்தப் புற்றின் வாசனையைப் பழகி, அதையே தன் வீடு என்று எடுத்துக்கொள்ளும். பெற்றவள் யார் என்று அதற்குத் தெரியாது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஓட்டையைச் சுற்றித்தான் வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த ராணி ஒருத்தி அயல் புற்றுக்குள் போவதுதான் கடினம். அதற்கு ஒவ்வோர் இனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. லாசியஸ் அம்ப்ராட்டஸ் ராணி, வாசலில் அகப்பட்ட வேலைக்கார எறும்பு ஒன்றைக் கொன்று வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போகும். பாலிராகிஸ் லாமெல்லிடென்ஸ் என்ற கிழக்காசிய எறும்பின் ராணி, கட்டெறும்புச் சாதி வேலைக்காரி ஒருத்தியின் மேல் ஏறி உட்கார்ந்து, உடம்போடு உடம்பு தேய்த்து வாசனையை வாங்கிக்கொண்டு பிறகே புற்றை நெருங்கும். வட ஆப்பிரிக்காவின் போத்ரியோமிர்மெக்ஸ் டிகாபிடன்ஸ் ராணி டாபினோமா எறும்புகளிடம் பிடிபட்டு, அவை இழுத்துக்கொண்டு போவதற்கு உடன்படும். உள்ளே போனதும் வீட்டு ராணியின் முதுகில் ஏறிக்கொள்ளும். அங்கே இருந்தால் யாரும் கடிப்பதில்லை. நாள்கணக்கில் அப்படியே இருந்து, வாசனை ஊறிய பிறகு, கீழே இருப்பவளின் கழுத்தைத் தாடையால் மெல்ல அறுத்துத் தலையைத் துண்டித்துவிடும்.  

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2025-ல் இன்னும் கொடிய வழி ஒன்றை விவரித்தார்கள். லாசியஸ் ஓரியன்டாலிஸ் ராணி வாசனை பூசிக்கொண்டு உள்ளே நுழைந்து, வீட்டு ராணியின் மேல் தன் வயிற்று நுனியிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சுகிறது. பெரும்பாலும் அது ஃபார்மிக் அமிலம். வாசனை கெட்டுப்போன தாயை அடையாளம் தெரியாமல் அவள் பெற்ற மக்களே கடித்துக் கொன்றுவிடுகிறார்கள். வந்தவள் அந்த இடத்தில் உட்கார்ந்து முட்டையிடத் தொடங்குகிறாள்.

பழைய வேலைக்காரிகள் வயதாகிச் சாகச் சாக, புது ராணியின் மக்கள் அந்த இடத்தை நிரப்புவார்கள். சில காலத்தில் புற்றில் இருப்பவை எல்லாம் வந்தவளின் மக்கள்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையேதான். இதைத் ‘தற்காலிக ஒட்டுண்ணி’ என்பார்கள், ஏனென்றால் தொடக்கத்துக்கு மட்டும்தான் பிறர் உழைப்பு வேண்டும். ஆயுள் முழுக்க வேண்டியவை இரண்டு வகை: பிற புற்றுகளின் கூட்டுப்புழுக்களைக் கொள்ளையடித்து வேலைக்கு வைத்துக்கொள்பவை ஒன்று, வேலைக்காரிகளே இல்லாமல், அயல் புற்றுக்குள் ராணியாக மட்டும் குடியிருப்பவை இன்னொன்று. இவை தவிர, பெரிய எறும்பின் புற்றுச் சுவருக்குள் தனி அறை கட்டிக்கொண்டு, சோற்றுக்கு மட்டும் பக்கத்து அறைக்கு வரும் ‘விருந்தாளி’ எறும்புகளும் உண்டு.

இப்படிப்பட்ட வாழ்க்கை எப்படித் தோன்றியது? டார்வின் இதற்கு என்ன விடை சொன்னார்? வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– பள்ளி ஆசிரியர், உச்சிப்புளி

டார்வினுக்கு முன்பே சுவிட்சர்லாந்தின் பியர் ஹூபர் இதைப் பார்த்துவிட்டார். பாலியெர்கஸ் ரூஃபெசென்ஸ் எறும்புகள் சாரி சாரியாகப் போய் வேறு புற்றைக் கொள்ளையிட்டதை 1810-ல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது அவர் செய்த சோதனை ஒன்று. முப்பது பாலியெர்கஸ் எறும்புகளை, கொள்ளையில் பிடித்துவந்த வேலைக்கார எறும்பு ஒன்றுகூட இல்லாமல், அவற்றுக்குப் பிடித்த உணவோடும் அவற்றின் புழுக்களோடும் அடைத்து வைத்தார். உணவு பக்கத்திலேயே கிடந்தும் அவற்றுக்கு எடுத்துத் தின்னத் தெரியவில்லை. பல பட்டினியால் செத்தன. பிறகு ஒரே ஒரு வேலைக்கார எறும்பை உள்ளே விட்டார். அது உடனே எஞ்சியவற்றுக்கு ஊட்டியது, புழுக்களைப் பார்த்தது, அறை கட்டி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டது. பாலியெர்கஸின் தாடை அரிவாள் போல வளைந்து கூராக இருக்கும். எதிரியின் தலையைத் துளைக்க அது போதும், மண் தோண்டவோ புழுவைத் தூக்கிப் பேணவோ உதவாது.

டார்வின் 1859-ல் எழுதிய நூலில், இந்தக் கோடியிலிருந்து தொடங்காமல் பாதி வழியில் நிற்கும் ஃபார்மிகா சாங்குனியாவை எடுத்துக்கொண்டார். அதுவும் கொள்ளையடிக்கும், ஆனால் தன் வேலையைத் தானும் செய்யும். தெற்கு இங்கிலாந்தில் அதன் புற்றுகளை அவரே திறந்து பார்த்தார். அவர் சொன்ன விடை எளிமையானது. பல எறும்புகள் அயல் கூட்டுப்புழுக்களைத் தின்பதற்காகத் தூக்கிவரும். தின்றது போக மிஞ்சிய சில, கிடங்கிலேயே பொரிந்து எறும்பாகிவிடும். பொரிந்தவை வந்த வீட்டை மோந்து தன் வீடு என்று நினைத்து, தமக்குத் தெரிந்த வேலையைச் செய்யும். அந்த உழைப்பு, தின்பதைவிட அதிக லாபம் என்றால், தின்னாமல் விட்டுவைக்கும் பழக்கம் தலைமுறைக்குத் தலைமுறை கூடும்.

பிற்காலத்தில் வேறு இரண்டு வழிகளும் சேர்ந்தன. ஒன்று எல்லைத் தகராறு. தேன்குட எறும்புகளில் பெரிய புற்று சின்னப் புற்றை வென்றால், அதன் புழுக்களையும் இளம் எறும்புகளையும் தன் புற்றுக்கே கொண்டுவந்துவிடும். இது ஒரே இனத்துக்குள் நடப்பது. இன்னொன்று, ஒரே குடும்பம் பல புற்றுகளில் பரவி, புழுக்களை இங்கும் அங்கும் தூக்கிப் பழகியிருப்பது. அந்தக் கை அடுத்த குடும்பத்துப் புழு மேலும் விழுந்துவிடும். மூன்றில் எது சரி என்று ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எறும்பு வரலாற்றில் ஒட்டுண்ணி வாழ்க்கை தனித்தனியாகக் குறைந்தது தொண்ணூறு தடவையாவது தோன்றியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் வழி ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

பெரும்பாலானவற்றில் ஒத்துவரும் அம்சம் ஒன்று உண்டு. அதை 1909-ல் இத்தாலியரான கார்லோ எமெரி எடுத்துச் சொன்னார்: ஒட்டுண்ணி எறும்பு, தான் ஒண்டும் எறும்புக்கு நெருங்கிய உறவாகவே இருக்கும். குயிலும் காகமும் ஒட்டு உறவில்லாதவை. எறும்பில் அப்படி இல்லை. வாசனைக் கலவையும், புழு பசிக்கு அழைக்கும் முறையும், மீசை தட்டும் மொழியும் முன்பே ஒத்திருந்தால்தான் கதவு திறக்கும். ஆகவே கதவைத் திறக்கக்கூடியவன் அந்நியன் இல்லை, பங்காளி. வகுப்பில் இந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் பிள்ளைகளுக்குத் தானாக விளங்கும்.

எங்கள் வீட்டு முற்றத்தில் பெரிய கருப்பு எறும்புகள் வாயில் அரிசி மாதிரி முட்டையைக் கவ்விக்கொண்டு போகின்றன. வீடு மாறுகின்றனவா, திருடிக்கொண்டு போகின்றனவா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– எட்டாம் வகுப்பு மாணவி, தொண்டி

முதலில் ஒரு திருத்தம் பாப்பா. ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை பெய்யும்’ என்று பழமொழி சொல்கிறது. ஆனால் அரிசி அளவில் நம் கண்ணுக்குத் தெரிவது முட்டை இல்லை. எறும்பின் முட்டை அரிசியைவிட மிகச் சிறியது, அதையும் ஒன்றாக ஒட்டிக் கொத்தாகத்தான் தூக்கும். நீ பார்த்தது புழு அல்லது கூட்டுப்புழு. வெள்ளையாக, ஒரு முனை வளைந்து, மெல்ல நெளிந்தால் புழு. வைக்கோல் நிறத்திலோ பழுப்பிலோ மாத்திரை போல உருண்டு நீண்டு, ஒரு முனையில் கரும்புள்ளி இருந்தால் கூட்டுப்புழு. திருட்டுக்கும் குடிமாற்றத்துக்கும் வித்தியாசம் தெரிய இது முக்கியம்.

அரைமணி நேரம் உட்கார்ந்து பார். எந்த ஓட்டையிலிருந்து வருகிறது, எந்த ஓட்டைக்குப் போகிறது என்று இரு முனையையும் கண்டுபிடி. பிறகு பத்து நிமிடத்துக்கு, என்னென்ன போகிறது என்று கோடு போட்டு எண்ணு. முட்டைக் கொத்து, சின்னப் புழு, பெரிய புழு, கூட்டுப்புழு எல்லாம் கலந்து, இறக்கை உள்ளவையும் சேர்ந்து போனால் குடிமாற்றம். வாசலில் சண்டை இருக்காது. கூட்டுப்புழு மட்டுமே வருகிறது, கிளம்பும் ஓட்டையில் கால் பிடித்து இழுக்கும் சண்டை நடக்கிறது, சில எறும்புகள் சுருண்டு கிடக்கின்றன என்றால் கொள்ளை. கொள்ளையிலும் பெரும்பாலானது தின்பதற்காகத்தான். தூக்கிப் போகிற எறும்பும், பறிகொடுக்கிற எறும்பும் அளவிலும் நிறத்திலும் வேறு வேறாக இருந்தால் அது வேட்டை என்றே எடுத்துக்கொள்.

இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தால்? அப்போதுதான் கவனமாகப் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவில் பரவலாக உள்ள டையகம்மா இண்டிகம் என்ற எறும்பு ஏறத்தாழ ஒரு செ.மீ. நீளம், இரும்புக் கருப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் சீப்பால் வாரியதுபோல வரிவரியாகக் கோடு தெரியும். புற்று வாசலைச் சுற்றி இறகு, குச்சி, செத்த பூச்சி என்று பரப்பி வைத்திருக்கும். இதற்குத் தனி ராணி கிடையாது. வேலைக்காரிகளில் ஒருத்தியே முட்டையிடுவாள். மழையில் புற்று நனைந்தால் குடி மாறும். அப்போது ஓர் எறும்பு முன்னே போக, பின்னால் ஒன்று அதன் வயிற்றை மீசையால் தொட்டுக்கொண்டே ஜோடியாக நடக்கும். கை பிடித்து அழைத்துப் போவதுபோல இருக்கும். கொல்கத்தாவில் உள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டது இது: ஒரு குடி இப்படி மாறிக்கொண்டிருக்கும் தடுமாற்றத்தில், அதே இனத்துப் பக்கத்துக் குடியின் சில எறும்புகள் புகுந்து, ஏறத்தாழ 12 சதவீதப் பிஞ்சுகளைத் தூக்கிவிடுகின்றன. அவை விரும்பி எடுப்பது கூட்டுப்புழுவை. தின்பதில்லை, பொரிந்தவை திருடிய வீட்டிலேயே வேலைக்காரிகளாகிவிடுகின்றன. ஆசிரியருக்குச் சொன்ன பங்காளிக் கதையின் முதல் படி, நம் மண்ணிலேயே, இன்றும் நடக்கிறது.

பார்க்க விரும்பினால் புற்றைக் கலைக்காதே. ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாள் காலையில் பார். ஜோடி நடையும் கூட்டுப்புழுவும் ஒரே நேரத்தில், ஆனால் வேறு வேறு திசையில் போனால் நோட்டில் எழுதி வை. எறும்பை அடையாளமிட, தலைமுடியை ஒரு குச்சியில் ஒட்டி, அதன் நுனியால் பெயின்ட் பேனா மையை நடு உடம்பில் ஒரு புள்ளி மட்டும் வை. நெயில் பாலிஷ் வேண்டாம். அது நூல் நூலாக இழுபட்டுக் காலையும் மீசையையும் ஒட்டிவிடும். எறும்பு அதைத் துடைப்பதிலேயே நாளைக் கழிக்கும்.

முசிறு கூட்டுக்குப் பக்கத்தில் முசிறு மாதிரியே ஒன்று ஓடுகிறது. ஆனால் தட்டினால் நூலில் தொங்குகிறது. இதுவும் ஒட்டுண்ணி எறும்பா?
– மாந்தோப்புக்காரர், பெரியபட்டினம்

எறும்பே இல்லை, சிலந்தி. மிர்மாப்ளாடா பிளாடலியோய்டஸ் என்ற குதிக்கும் சிலந்தி. எட்டுக் காலில் முன்கால் இரண்டையும் தூக்கி மீசைபோல ஆட்டும், இடுப்பு சுருங்கியிருக்கும், நிறமும் முசிறு நிறமே. ஆண் சிலந்திக்குத் தாடை முன்னால் நீண்டு, ஒரு முசிறு இன்னொன்றைக் கவ்விப் போவதுபோலத் தெரியும். முன்பக்கம் பெரிய இரண்டு கண் பளபளப்பதைப் பார்த்தால் சந்தேகம் தீரும். அது முசிறு கூட்டுக்குள் போவதில்லை. முசிறு எதிரே வந்தால் ஒதுங்கிவிடும். முசிறைத் தின்னாத பறவைகளும் பூச்சிகளும் தன்னையும் விட்டுவிடும் என்பதுதான் லாபம்.

உண்மையிலேயே உள்ளே புகுந்து தின்பது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு, லிஃபைரா பிராசோலிஸ். ஓடு கவிழ்த்ததுபோலத் தட்டையான கெட்டித்தோல். முசிறு எத்தனை கடித்தாலும் பல் இறங்காது. உள்ளே இருந்து முசிறுப் புழுக்களைத் தின்னும். பூச்சியாகி வெளியே வரும்போது உடம்பெல்லாம் உதிரும் செதிள்கள்; கடிக்க வந்த முசிறின் வாயிலும் காலிலும் அவை ஒட்டிக்கொள்ள, இது தப்பிவிடும். தோப்புக்குக் கெடுதல் இல்லை. முசிறு உங்கள் மாமரத்துக்குக் காவல், மருந்தடித்து விரட்டிவிடாதீர்கள்.

கொள்ளையடிக்கும் எறும்புகளை நம் பக்கம் பார்க்க முடியுமா?
– வாசகர், சாயல்குடி

பாலியெர்கஸ் மாதிரி படையெடுத்துப் போய், அயல் இனத்தை வேலைக்கு வைக்கும் எறும்பு இங்கே இல்லை. அவை ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியாவின் வடபகுதி, ஜப்பான் ஆகிய குளிர்ப் பிரதேசங்களில் வாழ்பவை. நாம் நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கே இருக்கிறோம். எறும்பு இனங்கள் நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தில்தான் அதிகம். ஒட்டுண்ணி எறும்புகளோ வடக்கே போகப் போக அதிகம். இந்த முரண் ஆய்வாளர்களை நெடுங்காலமாக உறுத்துகிறது. பனிக்காலம் முடிந்து குளிரில் விறைத்துக் கிடக்கும் புற்றுக்குள் நுழைவது எளிது என்பது ஒரு விளக்கம். இங்கே வருடம் முழுக்கக் காவல் விழித்திருக்கிறது. வெப்ப நாடுகளில் தேடிப் பார்த்தவர்கள் குறைவு என்பதும் சேர்ந்த காரணம்தான். ஒட்டுண்ணி ராணி, வீட்டு எறும்பின் சாயலிலேயே இருப்பதால், புற்று முழுவதையும் தோண்டி ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அகப்படும்.

கருவாட்டுப் பானையில் எறும்பு தாங்கவில்லை. எறும்பை அழிக்க ஒட்டுண்ணி எறும்பை விட முடியுமா?
– குடும்பத்தலைவி, பாம்பன்

அந்த யோசனை ஏற்கெனவே ஓர் அறிவியல் முயற்சியாக நடந்தது அம்மா. தென் அமெரிக்கச் சோலனோப்சிஸ் டாகெரெய் ராணி, நெருப்பெறும்பு ராணியின் கழுத்தைத் தாடையால் கவ்வித் தொங்கிக்கொண்டு, அவளுக்கு வரும் சாப்பாட்டைத் தான் வாங்கிக்கொள்ளும். நெருப்பெறும்பை ஒடுக்க இது உதவுமா என்று அமெரிக்கர்கள் ஆராய்ந்தார்கள். இயற்கையிலேயே மிகச் சில புற்றுகளில்தான் இருக்கிறது, ஆய்வகத்தில் புதுப் புற்றுக்கு மாற்றிப் பெருக்கவும் வசப்படவில்லை. ஒட்டுண்ணி வீட்டை அழித்தால் தானும் அழியும். அதனால் பெரும்பாலும் வீட்டை நோயாளியாக வைத்திருக்குமே தவிர, ஊரைக் காலி செய்யாது.

உங்களுக்கு வேண்டியது, எறும்பு தானே சுமந்துபோய் ராணிக்கு ஊட்டும் மருந்து. 100 மி.லி. வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம் கரையுங்கள். கால் டீஸ்பூனைத் தட்டிச் சமன் செய்தால் ஏறத்தாழ ஒரு கிராம். ‘கூடப் போட்டால் சீக்கிரம் சாகும்’ என்று போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கூடினால் தூக்க வந்த எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போய்ச் சேராது. கேரம் பலகைப் பவுடர் பலவும் போரிக் பவுடர்தான், ஆனால் மாவில் செய்ததும் விற்கிறார்கள். அதனால் மருந்துக் கடையில் பெயர் பார்த்து வாங்குங்கள். பஞ்சில் நனைத்துப் பாட்டில் மூடியில் வைத்து, எறும்புச் சாரியின் ஓரத்தில் வையுங்கள். முதல் இரண்டு நாள் கூட்டம் மொய்க்கும். மருந்தடித்துக் கலைத்துவிடாமல் விட்டுவிடுங்கள். தினமும் பஞ்சை மாற்றி இரண்டு மூன்று வாரம் வைக்க வேண்டும்.

கருவாட்டுக்கு வரும் எறும்பு இனிப்பைச் சீண்டாமலும் போகலாம். முதலில் ஒரு சொட்டுச் சர்க்கரைப் பாகும் ஒரு துணுக்குக் கருவாடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதற்குப் போகிறது என்று பாருங்கள். கருவாட்டுக்குத்தான் என்றால், கருவாட்டுத் தூள் பிசைந்ததில் அதே நூற்றுக்கு ஒன்று கணக்கில் கலந்து வையுங்கள். குழந்தை, பூனை, கோழி எட்டாத இடமாக இருக்கட்டும். பானையை மட்டும் காக்க வேண்டுமானால் அகலத் தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் செங்கல் மேல் வையுங்கள். தண்ணீர் மேல் தூசிப் படலம் படிந்தால் எறும்பு அதன் மேலேயே நடந்து வந்துவிடும், தினமும் மாற்றுங்கள்.

வேலைக்காரிகளே இல்லாத ஒட்டுண்ணி எறும்பு, அவற்றை எப்படி இழந்தது? கொஞ்சம் கொஞ்சமாகவா, ஒரேயடியாகவா?
– கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்

நல்ல கேள்வி தம்பி. இந்தத் துறையில் அண்மையில் பெரிதாக நகர்ந்திருப்பது இந்த இடம்தான்.

கோடியில் நிற்பதைப் பார்ப்போம். டெலூட்டோமிர்மெக்ஸ் ஷ்னைடெரி, சுவிஸ் ஆல்ப்ஸ் மலையின் சாஸ் பள்ளத்தாக்கில் கிடைத்தது, 1950-ல் ஹைன்ரிச் குட்டர் பெயரிட்டார். ராணி இரண்டரை மி.மீ. அளவுதான். வயிற்றின் அடிப்பக்கம் கரண்டிபோலக் குழிந்து, அது ஒண்டும் டெட்ராமோரியம் எறும்பு ராணியின் உருண்ட உடம்போடு சரியாகப் பொருந்தும். பாதத்து நகமும் மெத்தையும் பெரியவை, அவற்றால் பிடித்துக்கொண்டு அவள் முதுகிலேயே குடியிருக்கும். ஒரே ராணியின் மேல் எட்டு வரை கண்டிருக்கிறார்கள். சுமக்கிறவளுக்கு நடக்கவே முடியாது. வேலைக்காரிகள் ராணிக்கு ஊட்ட வரும்போது இவையும் வாய் நீட்டி வாங்கிக்கொள்ளும். முட்டை முற்றிய ராணி அரை நிமிடத்துக்கு ஒன்று வீதம் முட்டையிடும். தாடை வலுவிழந்தது, கொட்டும் உறுப்பு சிறுத்தது, தோல் மெலிந்தது, மூளையும் எளிமையாகிவிட்டது. வேலை இல்லாத உறுப்பைக் காக்க இயற்கைத் தேர்வு மெனக்கெடுவதில்லை. இது மரபணு வரை போயிருக்கிறது. இலை வெட்டும் அக்ரோமிர்மெக்ஸ் எறும்புகளில், ஒட்டுண்ணியான இனங்கள் மோப்பத்துக்கான மரபணுக்களில் பலவற்றை இழந்திருப்பதை 2021-ல் காட்டினார்கள்.

இவ்வளவும் படிப்படியாகத்தான் வந்திருக்கும் என்றே நெடுநாள் எண்ணினார்கள். ஒரு புற்றில் பல ராணிகள் இருக்கும் இனங்களில், இளம் ராணி தனியே போய்ப் புற்று தொடங்காமல் தாய்வீட்டுக்கே திரும்பி வருவாள். அவளில் ஒருத்தி வேலைக்காரிகளைப் பெறுவதைக் குறைத்து, ராணிகளையும் ஆண்களையுமே பெற்றால், உழைப்பு மற்றவர்களுடையது, வாரிசு அவளுடையது. அந்த வம்சம் வீட்டுக்குள்ளேயே தனக்குள் இணை சேரத் தொடங்கினால், காலப்போக்கில் தனி இனமாகப் பிரிந்துவிடும். பிரேசிலின் மைக்கோசெபூரஸ் காஸ்ட்ரேட்டர் இதற்குச் சாட்சி. மைக்கோசெபூரஸ் கோல்டியை புற்றில் வாழ்கிறது, புற்றுக்குள்ளேயே இணை சேர்கிறது. அந்த இனத்திலிருந்தே, அதே ஊரிலேயே, ஏறத்தாழ 37,000 ஆண்டுகளுக்கு முன்தான் பிரிந்திருக்கிறது என்று 2014-ல் மரபணுக் கணக்கு காட்டியது. பரிணாமக் கணக்கில் இது நேற்று நடந்தது.

2023-ல் வந்தது இன்னும் ஆச்சரியம். ஊசெரியா பைரோய் என்ற ஆசிய எறும்புக்கு ராணியே கிடையாது. இறக்கையில்லாத வேலைக்காரிகள் ஆண் துணையின்றித் தம்மையே நகல் எடுப்பதுபோல மகள்களைப் பெறும். ஆய்வகக் கூட்டம் ஒன்றில், இறக்கையோடு, ராணி சாயலில் சில தாமாகவே தோன்றின. அவை அதிகமாக முட்டையிட்டன, வேலையில் கை வைப்பது குறைவு, தனியே விட்டால் திண்டாடின. ஆராய்ந்தபோது மாற்றம் 13-வது குரோமோசோமில் பல மரபணுக்கள் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் ஒரே பகுதியில் இருந்தது. ஒட்டுண்ணிக்குரிய பல குணங்கள் ஒரே தலைமுறையில் கூட்டாக வந்துவிட முடியும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தொடக்கம் ஒரேயடியாக வரலாம், தேய்வு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். குறிக்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். கலந்து எழுதினால்தான் குழப்பம்.

வேலைக்கு வைக்கப்பட்ட எறும்புகள் எதிர்ப்பதே இல்லையா?
– வாசகி, ஏர்வாடி

எதிர்க்கின்றன. வட அமெரிக்காவின் டெம்னோதோராக்ஸ் எறும்புகளில், பிடிபட்ட வேலைக்காரிகள் எசமானர்களின் கூட்டுப்புழுக்களைப் பேணாமல் விடுவதையும், கிழித்தே கொல்வதையும் 2009-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டார்கள். ராணியாகப் போகிற கூட்டுப்புழுக்களில்தான் சாவு அதிகம். கொல்கிறவளுக்கு இதில் வாரிசு லாபம் இல்லை, அவளுக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் இன்னும் பிடிபடாமல் இருக்கும் அவள் உறவினர் புற்றுகள் மேல் அடுத்த வருடம் வரும் படை சிறுக்கும்.

மழைக்குப் பிறகு இறக்கை உதிர்ந்த கட்டெறும்பு ராணி கிடைத்தது. வேறு புற்றுக் கூட்டுப்புழுவைக் கொடுத்தால் ஏற்குமா? எப்படி வைத்துப் பார்ப்பது?
– இளைஞர், தேவிபட்டினம்

ஏற்கும். முதல் பதிலில் சொன்ன ஓட்டையைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

15 செ.மீ. நீளமும் 18 முதல் 20 மி.மீ. வாயும் உள்ள சோதனைக்குழாய் எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதன் மேல் பஞ்சைத் தண்ணீரைத் தொடும்வரை இறுக்கமாக அழுத்துங்கள். தளர்வாக இருந்தால் வெயிலில் காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளி, ராணி மூழ்கிவிடும். ராணியை விட்டு வாயை உலர்ந்த பஞ்சால் அடைத்து, கருப்புத் தாள் சுற்றி, ஆட்டம் அசைவில்லாத அலமாரியில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். ராணிக்குச் சாப்பாடு வேண்டாம். முதல் மக்கள் வரும்வரை தன் இறக்கைச் சதையைக் கரைத்தே வாழும். சர்க்கரை வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். தினமும் தாளை நீக்கிப் பார்த்தால் பதறி முட்டையைத் தானே தின்றுவிடும். வாரம் ஒரு தடவை போதும்.

பத்து நாள் ஆகட்டும். பிறகு, அதே இனத்துப் புற்று ஒன்றிலிருந்து ஐந்து கூட்டுப்புழுக்கள் மட்டும் எடுங்கள். வீட்டு முற்றத்துப் புற்று போதும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே எதையும் எடுக்கக் கூடாது. கூட்டின் நிறம் கறுத்து, உள்ளே எறும்பின் உருவம் மங்கலாகத் தெரிகிறவையாகப் பாருங்கள். அவைதான் சீக்கிரம் பொரியும். ஐந்துக்கு மேல் வைத்தால் ராணி ஒருத்தியால் எல்லாக் கூட்டையும் கிழித்து உதவ முடியாமல் சில உள்ளேயே செத்துவிடும். வளர்ந்த எறும்பு ஒன்றுகூட ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. வந்தால் அது ராணியைக் கடிக்கும். ஓவியத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளி, குழாய் வாயில் வைத்துவிட்டு இருட்டாக்குங்கள். சில மணி நேரத்தில் ராணி அவற்றை இழுத்துத் தன் முட்டைக் குவியலோடு சேர்த்திருக்கும்.

பொரிந்த எறும்பு முதல் நாள் வைக்கோல் நிறத்தில் இருக்கும், கால் தள்ளாடும். மறுநாளுக்குள் நிறம் ஏறும். அப்போது ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, ஒரே ஒரு சொட்டை அலுமினியத் தாள் துண்டில் விட்டுக் குழாய் வாயருகே வையுங்கள், மூன்று நாளுக்கு ஒரு தடவை. சொட்டைக் குடித்த எறும்பு திரும்பிப் போய் ராணியின் எதிரே நின்று, மீசையால் அவள் முகத்தைத் தட்டும். அவள் தாடை திறப்பாள். இரண்டு வாய்க்கும் நடுவே ஒரு துளி மின்னும். லென்ஸ் வைத்தால் அவள் பெறாத மகள் அவளுக்கு ஊட்டுவது தெளிவாகத் தெரியும்.